ஏற்காடு அடிவாரம்: மதுவிலக்கு முதலில் வந்த மண்!

சேலத்திலிருந்து கோரிமேடு தாண்டி ஏற்காடு சாலையில் போனால், மலை ஏறும் முன் வருகிற ஊர் அடிவாரம். ஒரு சோதனைச் சாவடி, சில டீக்கடைகள். அதற்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகள்தான்!

இங்கிலாந்தின் சிற்றூர்களில் இப்படி ஓர் இடம் இருந்தால், அங்கே கட்டாயம் ஒரு ‘பப்’ இருக்கும். ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கம்தான் பப். வண்டிக் குதிரைகள் இளைப்பாறிய இடம், ஊரார் கூடிப் பேசிய இடம். கையில் மட்டும் பீர் கோப்பை.

அந்த ஆங்கிலேயர்கள் சேர்வராயன் மலைக்கும் வந்தார்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் ஏற்காட்டில் காபியை அறிமுகம் செய்தார். ஆனால், மலை வாசஸ்தலங்களில் அவர்கள் விரும்பியது எல்லோரும் நுழையும் பப்பை அல்ல. உறுப்பினர்களுக்கு மட்டுமான கிளப்பை. 1841-ல் தொடங்கிய ஊட்டி கிளப் அதற்குச் சாட்சி. ஸ்னூக்கர் விதிகள் எழுதி மாட்டப்பட்டது அங்கேதான்.

உழைக்கும் மக்களுக்கு இருந்தவை கள்ளுக்கடையும் சாராயக்கடையும். வாரக்கூலி அங்கேயே கரைந்துவிட, வீட்டில் அடுப்பு எரியாது.

இந்தக் கதையை மாற்றிய நாள், 1937 அக்டோபர் 1. சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி, மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். இன்றைய தர்மபுரி, நாமக்கல், கிருஷ்ணகிரி எல்லாம் அன்று சேலத்துக்குள் அடக்கம். ராஜாஜி வக்கீலாக இருந்ததும், நகராட்சித் தலைவராக இருந்ததும் இதே சேலத்தில்தான்.

கடைகளை மூடினால் கஜானாவுக்கு வருமானம் எங்கே? 1939-ல் பொது விற்பனை வரி வந்தது. கள்ளுக்கடை போன இடத்தை நிரப்பிய வரி என்றே அதைச் சொல்லலாம்.

அதன்பிறகு மதுவிலக்கு மாகாணம் முழுக்கப் பரவியது, 1971-ல் விலக்கப்பட்டது, மறுபடி வந்தது, மறுபடி போனது. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அரசே நடத்துகிறது. மூடச் சொல்லிப் பெண்கள் போராடுவதும், கஜானா கணக்கு குறுக்கே நிற்பதும் 1937-ன் அதே கேள்விதான்.

அடுத்த முறை ஏற்காடு போகும்போது அடிவாரத்தில் வண்டியை நிறுத்துங்கள். டீக்கடை பெஞ்சில் டிரைவரும், தோட்டத் தொழிலாளியும், சுற்றுலா வந்த குடும்பமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நம்ம ஊர் ‘பப்ளிக் ஹவுஸ்’ இதுதான். குடித்துவிட்டு 20 வளைவுகளையும் நிதானமாக ஏறலாம்; டீயாக இருந்தால் மட்டும்!