கராஜுக்குள் பெய்த மழை

ஸ்காபரோவில் இந்த வீட்டை நான் வாங்கினதே பின்வளவில் தனியாக நின்ற கராஜுக்காகத்தான் என்று மனைவி இப்பவும் சொல்லுவா. இளைப்பாறிய பிறகு அதைத் தச்சுப் பட்டறை ஆக்கினேன். ஐயாவின் சீவுளியும் மூன்று உளிகளும் அங்கேதான் இருந்தன. ஊரிலிருந்து வந்து சேர்ந்த சொத்து அவ்வளவுதான்.

முதல் குளிர்காலம் விறைத்துப் போனேன். அடுத்த வருடம் பனிக்கு முன்னரே சீலிங் சட்டங்களுக்கு இடையில் கண்ணாடிப் பஞ்சை அடைத்து, கீழே பலகை அடித்தேன். பிளாஸ்டிக் தாள் வீண் செலவு என்று விட்டுவிட்டேன். தாவாரத்தின் கீழிருந்த ஓட்டைகளால் குளிர் வருகுதே என்று அதற்குள்ளும் பஞ்சைத் திணித்தேன். ஒரு புரோப்பேன் ஹீட்டரும் வாங்கினேன்.

மார்ச்சில் நல்ல வெயில் நாள். வெளியே மழையில்லை, உள்ளே சொட்டுச் சொட்டாக மழை! கூரை வேலை செய்யும் எங்கட பெடியன் ஒருவனைக் கூப்பிட்டேன். மேலே ஏறி டோர்ச் அடித்துப் பார்த்தான்.

"அங்கிள், கூரை ஒழுகேல்லை. உங்கட மூச்சும் ஹீட்டர் விட்ட ஆவியும்தான் ஒழுகுது."

ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வருமாம். பஞ்சு சூட்டைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அது மேலே போய்க் குளிர்ந்த கூரைப் பலகையில் உறைபனியாகப் படிந்து, குளிர்காலம் முழுக்கச் சேர்ந்திருந்தது. வெயில் பட்டதும் உருகியது. பலகையெல்லாம் கறுத்துப்போயிருந்தது. அடைத்த அறைக்குள் அந்த ஹீட்டரை எரித்தால் ஆளே முடிந்திருக்கலாம் என்றும் பேசினான். வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அம்மாவின் அடுப்படியில் சுவருக்கும் கூரைக்கும் இடையில் ஒரு முழம் திறந்தே கிடக்கும். புகை தன்பாட்டில் போய்விடும். அதைப் பார்த்து வளர்ந்த நான்தான் ஓட்டையைத் தேடித் தேடி அடைத்தவன்.

கோடையில் எல்லாவற்றையும் கழற்றினோம். பஞ்சுக்குக் கீழே, சூடான பக்கத்தில், 6 மில் பிளாஸ்டிக் தாள்; பொருத்துகளுக்கெல்லாம் டேப். தாவார ஓட்டைகளைத் திறந்து, பஞ்சு வழியை மறிக்காமல் சட்டத்துக்குச் சட்டம் தடுப்பு வைத்து, இரண்டு அங்குலம் காற்றுக்கு விட்டோம். கீழே புகுகிற காற்று வெளியேற முகட்டில் நீளத்துக்கு ஒரு திறப்பு. புரோப்பேனுக்குப் பதில் மின்சார ஹீட்டர். அதற்குப் பிறகு ஒரு சொட்டும் விழவில்லை.

சீவுளியின் இரும்பு அந்த ஈரத்தில் துருப்பிடித்திருந்தது. எண்ணெய் போட்டுத் தேய்த்துத் தீட்டினேன். புள்ளிகள் மட்டும் போகவில்லை. இப்போதும் பலகையைச் சீவினால் மெல்லிய கோடு ஒன்று விழுகிறது.