மிதி கனத்தது ஏன்?

இயந்திரத்திற்கும் மனிதனுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. வலி தோன்றும் இடம் ஒன்று. நோய் குடியிருக்கும் இடம் வேறொன்று. இவ்வுண்மையை எங்களுக்கு உணர்த்தியது எங்கள் இல்லத்து அம்பாசிடர் கார்.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் அமைப்பைத் தழுவி, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் உருவான அந்த வண்டியின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. எங்களுடையது ஸ்டீயரிங்கை ஒட்டிக் கியர்த்தடி அமைந்த பழைய நான்கு கியர் வண்டி. அதன் கியர் பெட்டி தேய்ந்து, உதிரிப் பாகங்களும் அரிதாகிவிடவே, 1990-களின் தொடக்கத்தில் அம்பாசிடரில் வந்த இசுசு எஞ்சினையும் அதற்குரிய ஐந்து கியர் பெட்டியையும் வெளியூர்ப் பட்டறை ஒன்றில் பொருத்தச் செய்தோம். வண்டி அழகாக ஓடிற்று. ஆனால் கிளச் மிதியோ கல்லாய்க் கனத்தது.

சங்கரன்கோவில் கடைவீதியில், அதிலும் ஆடித்தபசுக் கூட்டத்தில், வண்டி ஓட்டியவர்கள் அறிவார்கள்: பத்தடிக்கு ஒருமுறை கிளச்சை மிதித்தாக வேண்டும். எழுபது வயதைக் கடந்த எங்கள் தந்தைக்கு இடது முழங்கால் வீங்கிவிட்டது. வாரந்தோறும் தாயாரைச் சிகிச்சைக்காகப் பாளையங்கோட்டைக்கு அழைத்துச் செல்பவர் அவரே. “வயதாகிவிட்டது அத்தான், வண்டியை விற்றுவிடுங்கள்” என்றார் மாமா. தந்தை மறுமொழி கூறவில்லை. சாவியை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். அந்த மௌனம் எங்களை உறுத்திற்று. விற்பதற்கு முன் நோய் எங்கே என்று பார்த்துவிடத் துணிந்து, உள்ளூர் மேஸ்திரி ஒருவரை அழைத்தோம்.

அவர் எதையும் அவசரமாகக் கழற்றவில்லை. முதலில், மிதியை மாஸ்டர் சிலிண்டரோடு இணைக்கும் தண்டை மட்டும் விடுவித்தார். மிதி விரலால் தொட்டாலே அசைந்தது. ஆகவே மிதியின் அச்சில் இறுக்கம் இல்லை. தண்டை மீண்டும் மாட்டி, கியர் பெட்டியருகே உள்ள கீழ்ச் சிலிண்டரில் காற்று நீக்கும் திருகைத் தளர்த்தி மிதிக்கச் சொன்னார். எண்ணெய் தடையின்றி வெளிவந்தது. ஆகவே குழாயில் அடைப்பில்லை. பின்னர்க் கீழ்ச் சிலிண்டரைக் கழற்றி, கிளச்சைத் தள்ளும் கவையை நெம்பிப் பார்த்தார். கரகரப்போ சிக்கலோ இல்லை. ஆகவே பேரிங் அதன் குழலின்மேல் வழுக்கிச் செல்லத் தடையில்லை.

எஞ்சியது அளவு ஒன்றே. மாஸ்டர் சிலிண்டரின் உடலைத் துடைத்துப் பார்த்தபோது முக்கால் அங்குலம் என்று பொறித்திருந்தது. “ஐயா, உங்க காலுல குறை இல்லை. சிலிண்டர்தான் பெருசு. எட்டுல அஞ்சு பங்கு அங்குலம் போதும்” என்றார் மேஸ்திரி.

இதன் கணக்கு எளிது. பாஸ்கால் (1623–1662) கண்ட விதிப்படி, அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும். அதே அழுத்தத்தை உண்டாக்க, பரப்பு பெரிதானால் விசையும் பெரிதாக வேண்டும். முக்கால் அங்குலத்தின் பரப்பு எட்டில் ஐந்து பங்கு அங்குலத்தினுடையதைப்போல் 1.44 மடங்கு. அதாவது 10 கிலோ விசையால் முடியும் வேலைக்கு 14 கிலோவுக்கு மேல் தேவைப்பட்டது.

சிறிய சிலிண்டரை மாட்டியதும் மிதி இளகிற்று. ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. விசையில் கிடைத்த இலாபத்தைத் தூரத்தில் செலுத்த வேண்டும். முன்பு 10 மில்லிமீட்டர் நகர்ந்த கவை, அதே மிதிப்பில் இப்போது ஏறத்தாழ 7 மில்லிமீட்டரே நகரும். அது கிளச் முழுவதும் விடுபடப் போதுமா? எஞ்சின் ஓடும்போது மிதியை முழுக்க அமுக்கி, சற்றுப் பொறுத்து, ரிவர்ஸ் கியரைப் போட்டுப் பார்த்தார் மேஸ்திரி. சத்தமின்றி விழுந்தது. பல் உரசியிருந்தால் இந்தச் சிகிச்சை உதவியிராது.

கியர் பெட்டி மாற்றும் அன்பர்கள் இதனை நினைவிற்கொள்க. கனத்த மிதியைப் பழகிக்கொள்ளலாம் என்று விட்டுவிட வேண்டாம். சிக்கியிருக்கும் கவையைப் பலவந்தமாக மிதித்தால், அது வளைந்தோ உடைந்தோ நடுவழியில் நிறுத்திவிடும்.

ஒருவர் சுமையைத் தூக்கத் திணறும்போது, தூக்குகிறவரின் வலிமையை அளக்கவே நாம் விரைகிறோம். சுமையை அளந்து பார்ப்பவர் சிலரே. நம் இல்லத்து முதியோர் “இயலவில்லை” என்று சொல்லும் நாளில், வயதின்மேல் பழிபோடுமுன் அவர்கள் காலடியில் நாம் வைத்திருப்பது என்னவென்று ஒருமுறை குனிந்து பார்ப்போமாக.