பாறையில் ஒரு பல்லாங்குழி

தோஹா,
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள ஆச்சிக்கு,

முழங்கால் வலி தேவலையா? தைலம் தீர்ந்திருந்தால் சொல்லுங்கள், ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இன்று லீவு. அறை நண்பர்களோடு அல் ஜஸ்ஸாசியா போய் வந்தேன். தோஹாவுக்கு வடக்கே 60 கிலோமீட்டர். கடலோரம் ஒரே பொட்டல். நடுவில் தாழ்வான சுண்ணாம்புப் பாறைகள். அவற்றின் மேல் சுமார் 900 செதுக்கல்கள். 1957இல் இவை வெளியுலகுக்குத் தெரியவந்தன. 1970களில் டென்மார்க் ஆய்வாளர்கள் வந்து ஒவ்வொன்றாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஒரு பாறையைக் குனிந்து பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி. நம் பல்லாங்குழியேதான் ஆச்சி! முத்துகளைத் தரம் பிரிக்கத் தோண்டியது என்பாரும் உண்டு. ஆனால் இந்த ஊரிலும் குழியில் கல் போட்டு ஆடும் ஆட்டம் இருந்திருக்கிறது. நாலு சேர்ந்ததும் ‘பசு’ என்று நீங்கள் அள்ளிக்கொள்ளும் சத்தம் காதில் கேட்டது.

பக்கத்திலேயே படகுகள். வானத்திலிருந்து பார்ப்பதுபோல் செதுக்கியிருக்கிறார்கள். பூரான் கால் மாதிரி இரண்டு பக்கமும் துடுப்புகள். சிலவற்றில் கயிறும் நங்கூரமும்கூட உண்டு. எண்ணெய் வருவதற்கு முன் இந்த ஊர்க்காரர்களுக்கும் முத்துக்குளிப்புதான் பிழைப்பு. ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்து, 1930களில் அது நொடித்துப்போனது. 1961 முத்துச் சலாபத்தில் தாத்தா கல்லைப் பிடித்துக்கொண்டு கடலில் இறங்கியதைச் சொல்வீர்களே, அதுதான் நினைவுக்கு வந்தது.

இந்தச் செதுக்கல்கள் எவ்வளவு பழையவை என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டு என்றார்கள் சிலர். சிலவற்றைச் சோதித்தவர்களோ, சில நூறு ஆண்டுக்கு மேல் போகாது என்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். இந்த வெயிலில் கல்லைக் கொத்திக் குழி எடுத்தவனுக்கு எதிரே உட்கார்ந்து ஆட ஒரு ஆள் இருந்திருக்கிறான். ஒற்றை ஆளுக்காக யாரும் பல்லாங்குழி தோண்டுவதில்லை.

தாத்தா போன பிறகு நீங்கள் பலகையைப் பரண்மேல் போட்டுவிட்டதாக அம்மா சொன்னாள். பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். இறக்கித் துடைத்து வையுங்கள். புளியங்கொட்டையும் சேர்த்து வையுங்கள். சித்திரையில் வருகிறேன், எதிரே நான் உட்காருகிறேன்.

உங்கள் அன்புப் பேரன்