சொல்லாது விட்ட இடம்

அரபு இலக்கணம் பயிலத் தொடங்கும் மாணவன் விரைவிலேயே ஒரு வியப்பைச் சந்திக்கிறான். "கதப" என்னும் ஒரே சொல் "அவன் எழுதினான்" என்று முழு வாக்கியமாகி நிற்கும். "அவன்" எங்கே என்று கேட்டால், வினைக்குள் மறைந்திருக்கிறது என்பார் உஸ்தாது. தமிழ் இலக்கணத்தார் இதனைத் தோன்றா எழுவாய் என்றனர். சொல்லாது விட்டதற்கும் பொருள் உண்டு என்பதை இரு மொழிகளிலும் கற்றோம். பல்லாண்டுகளாகக் கற்பித்தும் வருகிறோம். ஆயினும் அதன் மறுபக்கத்தை எமக்கு உணர்த்தியது ஒரு கணிப்பொறி மொழியே.

கணிதம் பயிலும் எம் மகள் உல்ஃப்ராம் மொழியைக் கற்று வருகிறாள். 1988இல் வெளிவந்த மேத்தமேட்டிக்கா என்னும் மென்பொருளின் மொழி அது. எண்களை மட்டுமன்றி, எக்ஸ், ஒய் போன்ற குறிகளையும் குறிகளாகவே வைத்துக் கணக்கிடுவதால் அதனைக் குறியீட்டு மொழி என்பர்.

அம்மொழியில் 100இன் மடக்கையைத் தசம எண்ணாகக் கேட்டுக் காட்டினாள். பள்ளி வாய்பாட்டின்படி 2 அன்றோ வரவேண்டும்? 4.605 என்று வந்தது. அடிமானம் இன்னதென்று சொல்லாவிடில் அம்மொழி 10ஐக் கொள்வதில்லை, 2.718 எனத் தொடங்கும் இயற்கை அடிமானத்தையே கொள்கிறது. 10ஐ முன்னும் 100ஐப் பின்னும் எழுதிய பிறகே 2 வந்தது.

நாமே ஒரு செயற்கூற்றை வகுக்கும்போதும் இவ்வாறு செய்யலாமாம். உள்ளீட்டின் பெயர், அடிக்கோடு, முக்காற்புள்ளி, அதன்பின் ஒரு மதிப்பு என எழுதிவிட்டால், பயன்படுத்துவோர் அவ்விடத்தை வெறுமையாக விடும்போது அம்மதிப்பு வந்து அமர்ந்துகொள்ளும். இது இடத்தால் அறியப்படுவது. பெயரால் அறியப்படும் விருப்பங்கள் வேறு. விருப்பத்தின் பெயர், ஓர் அம்புக்குறி, அதன் மதிப்பு என எழுத வேண்டும். வரிசை எதுவாயினும் குற்றமில்லை. வேண்டியதை மட்டும் சொன்னாற் போதும்.

இதனைக் கேட்டதும் எமக்கோர் ஆசை பிறந்தது. வாப்பா மறைந்தபின் கிடைத்த கணக்கேடு ஒன்றில், எம் பிறப்பை ஹிஜ்ரி 1391, ரமலான் 7 என்று அவர் கைப்பட எழுதியிருந்தார். "இந்நாளைக் கொடுத்துப் பாரம்மா" என்றோம். மகள் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் இட்டு எம் வயதைக் கேட்டாள். 600 ஆண்டுகளுக்கும் மேல் என்றது கணிப்பொறி! எந்த நாட்காட்டி என்று யாம் கூறவில்லை. அது கிரிகோரியன் நாட்காட்டி என்றே கொண்டுவிட்டது.

"நாம் சொல்லாததற்கு அது என்ன செய்யும், வாப்பா?" என்று சிரித்தவாறே, நாட்காட்டி வகை என்னும் விருப்பத்தில் இஸ்லாமிய நாட்காட்டி எனச் சேர்த்தாள். 1971 அக்டோபர் கடைசி வாரம் என்று வந்தது. பிறை கண்ட கணக்கில் ஒரு நாள் முன்பின் ஆகலாம். ஆனால் மகளின் சிரிப்பு நின்றுவிட்டது.

"உங்கள் சான்றிதழில் 1970 ஜூன் 1 என்றல்லவா இருக்கிறது?"

எம்மைப் பள்ளியிற் சேர்த்த நாளில் வாப்பா பிழைப்புக்காகக் கடல் கடந்திருந்தார். அழைத்துச் சென்ற உம்மா, "நோன்பில் பிறந்த பிள்ளை" என்று மட்டும் சொன்னாராம். எழுதியவர் மேற்கொண்டு கேட்கவில்லை. வெறுமையாயிருந்த இடத்தில் தமக்கு வசதியான ஒரு நாளை இட்டார். ஓராண்டும் ஏறத்தாழ ஐந்து திங்களும் எம் வயதில் ஏறிவிட்டன. வேலையும் அக்கணக்கில்தான்; ஓய்வும் அக்கணக்கில்தான் வரும்.

அந்தக் கணிப்பொறி மொழியில் ஒரு நேர்மை இருக்கிறது. ஒரு செயற்கூற்றின் பெயரைச் சொல்லி ஆப்ஷன்ஸ் என்று கேட்டால், அதன் விருப்பங்களையும், யாம் வாய் திறவாவிடில் அது கொள்ளும் மதிப்புகளையும் பட்டியலிட்டுக் காட்டிவிடும். எம் நாளை இட்டவர் எதனையும் காட்டவில்லை. அவரைக் குறைகூறி என் செய்வது? விவரம் அறிந்த பின்னரும் யாம் கேட்கவில்லையே!

"கதப" என்னும் சொல்லில் மறைந்திருப்பவன் "அவன்" என்பதற்கு அச்சொல்லின் வடிவமே சான்று. ஏனைய மௌனங்களுக்கு அத்தகைய சான்று இல்லை; அவற்றைப் பிறர் தம் வசதிப்படி நிரப்புகின்றனர். ஆதலின் அன்பர்களே, உங்கள் பிள்ளைகள் பிறந்த நாளை இரு கணக்கிலும் எழுதி, எது எந்தக் கணக்கென்றும் குறித்து வையுங்கள். எம் பேரப்பிள்ளைக்கு அவ்வாறே எழுதி வைத்திருக்கிறோம், வாப்பாவின் அதே கணக்கேட்டில்.