பிரிண்டருக்கு வெள்ளை தெரியாது

ஸ்கேல் மாடல் கட்டுற ஆசாமிகளுக்கு ஒரு நிரந்தரத் தலைவலி உண்டு. பெட்டியில பிளாஸ்டிக் எல்லாம் சரியா இருக்கும், டெக்கால் மட்டும் நமக்கு வேண்டாத விமானத்தோடதா இருக்கும். (டெக்கால்னா தண்ணியில ஊற வெச்சு நழுவவிட்டு ஒட்டுவோமே, அந்த மெல்லிசு படம்.)

எங்க மாடிவீட்டு மாமா விமானப்படையில டெக்னீஷியனா இருந்தவர். எண்பதுகளின் கடைசியில தேஸ்பூர். 1/72 அளவுல ஒரு மிக்-21 கட்டித் தர்றேன்னதும், "எல்லா மிக்கும் ஒண்ணு இல்ல தம்பி, நான் பார்த்துக்கிட்ட விமானம்னா அதோட நம்பர் இருக்கணும்"னார். அது ஒரு நாள் பறக்கப் போய்த் திரும்பி வரலை. பைலட் குதிச்சுத் தப்பிச்சுட்டார். மாமாகிட்ட ஒரு போட்டோ கூட கிடையாது. அந்த எப்.எல். வகை 2013 டிசம்பர்லயே ஓய்வு பெற்றாச்சு, கடைசி மிக்-21களும் 2025 செப்டம்பர் 26 அன்னிக்கு சண்டிகர்ல விடைபெற்றாச்சு. அவர் சொன்ன நம்பர் எந்தப் பெட்டியிலயும் வரப் போறதில்லை. வீட்டு இங்க்ஜெட்தான் கதி.

நம்பர் சுலபம். கறுப்பு எழுத்து, வெள்ளி நிற உடம்பு. கண்ணாடி மாதிரி இருக்கிற டெக்கால் தாள்ல அடிச்சாப் போதும். 1/72ல ஒரு மீட்டர்ங்கிறது 13.9 மில்லிமீட்டர், 30 செ.மீ. எழுத்து 4 மி.மீ. சொச்சம். பிரிண்ட் பண்ணும்போது 'பக்கத்துக்குப் பொருத்து'ன்னு இருக்கிறதை எடுத்துட்டு 100% போடணும், இல்லேன்னா கணக்கெல்லாம் வீண்.

தகராறு விமானப்படை வட்டத்துல. வெளியே காவி, நடுவுல வெள்ளை, உள்ளே பச்சை. வீட்டுப் பிரிண்டர்ல வெள்ளை மையே கிடையாதுங்க! தாளோட வெள்ளையைத்தான் அது வெள்ளைன்னு காட்டி நம்மை ஏமாத்திக்கிட்டிருக்கு. கண்ணாடித் தாள்ல அடிச்சு ஒட்டினா வெள்ளை இருக்க வேண்டிய இடத்துல விமானத்தோட வெள்ளி தெரியும். காவியும் பச்சையும்கூட அழுக்காயிடும், ஏன்னா இந்த மை ஒளி ஊடுருவுற மை. ஜப்பான்ல ஆல்ப்ஸ் கம்பெனி வெள்ளை ரிப்பன் போடுற பிரிண்டர் வெச்சிருந்தாங்க. மாடல்காரங்க அதைக் கோயில் மாதிரி கும்பிட்டாங்க. தயாரிப்பு நின்னு வருஷங்கள் ஆச்சு.

வழி என்னன்னா, வட்டத்துக்கு மட்டும் வெள்ளை டெக்கால் தாள். காவி வளையத்தைக் கொஞ்சம் பெரிசா அடிச்சு, அந்தக் காவிக்குள்ளேயே வெட்டணும். அப்போ ஓரத்துல வெள்ளை எட்டிப் பார்க்காது. செருப்பு தைக்கிறவங்க வெச்சிருக்கிற தோல் பஞ்ச் சரியான அளவுல கிடைச்சா வட்டம் கச்சிதம். கத்தரிக்கோலை நம்பாதீங்க.

இங்க்ஜெட் மை தண்ணியில கரையும். அதனால அடிச்ச தாளை நல்லா காயவிட்டு மேலே கிளியர் ஸ்ப்ரே. முதல் கோட்டு பனி மாதிரி லேசா. ஒரேயடியா அடிச்சா எழுத்து ஓட ஆரம்பிச்சிடும். காயக் காய இன்னும் ரெண்டு. லேசர் பிரிண்டர் டோனர் கரையாது, ஆனா அதுக்குன்னு உள்ள தாள்தான் போடணும். இங்க்ஜெட் தாளை லேசர்ல விட்டா உள்ளே இருக்கிற சூட்டுல உருகி ரோலர்ல ஒட்டிக்கலாம்.

கடை டெக்கால்ல படத்தைச் சுத்தி மட்டும்தான் பிலிம் இருக்கும். நம்ம தாள்ல முழுசா இருக்கும், ஒட்ட ஒட்ட வெட்டணும். ஒட்டுற இடம் வழவழன்னு இருக்கணும். சொரசொரப்பா இருந்தா அடியில காத்து மாட்டி வெள்ளை வெள்ளையா மினுக்கும்.

நம்பரை ஒட்டினப்போ மாமா பக்கத்துலயே நின்னார். "இன்னும் கொஞ்சம் முன்னாடி"ன்னு ரெண்டு தடவை நகர்த்த வெச்சார். ஈரமா இருக்கிற வரைக்கும் நகரும், பரவாயில்லை. அந்த நம்பரை இங்கே எழுத வேண்டாம்னு சொல்லிட்டார், அதனால போடலை.

வால்ல இருக்கிற மூவர்ணம் மட்டும் பாக்கி. அதுக்கும் வெள்ளைத் தாள்தான். நேர்க்கோடுங்கிறதால பிளேடும் ஸ்கேலும் போதும்.