கடைசிச் சுற்றுக்கு வைத்த மூச்சு

பிள்ளைகளே, ஆண்டுக்கணக்கில் உழைத்தும் கைக்கு எதுவும் எட்டவில்லையே என்று உங்களில் யாராவது சோர்ந்து வந்தால், நான் டெரார்டு துலுவைப் பற்றித்தான் சொல்வேன்.

எத்தியோப்பியாவின் ஆர்சி மலைநாட்டில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பேக்கோஜி என்ற ஊர். காற்றே மெலிந்துபோன அந்த உயரத்தில் 1972ஆம் ஆண்டு பிறந்து, மாடு மேய்த்து வளர்ந்தவர் டெரார்டு.

1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்கின் 10,000 மீட்டர் ஓட்டத்தில் களமிறங்கியபோது அவருக்கு வயது 20. 400 மீட்டர் தடத்தை 25 முறை சுற்றிவர வேண்டும். தென்னாப்பிரிக்காவின் எலானா மேயர் முன்னே போக, டெரார்டு அவர் நிழலைப் போலப் பின்னாலேயே ஓடினார். கடைசிச் சுற்று வந்தது, முந்தினார். 31 நிமிடம் 6 நொடியில் எல்லைக்கோட்டைத் தொட்டு, ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கப் பெண் ஆனார். முந்தும் வேளை தெரிந்தவர்களுக்குப் பிந்தி ஓடுவதில் இழுக்கில்லை. உங்களோடு படித்தவர்கள் முன்னே போய்விட்டார்கள் என்று பதறாதீர்கள். உங்கள் மூச்சை நீங்கள் காத்துவையுங்கள்.

அன்று வென்றவுடன் அவர் ஓடிப்போய்விடவில்லை. எல்லைக்கோட்டருகே மேயருக்காகக் காத்து நின்றார். நிறவெறி ஆட்சியால் 1960க்குப் பிறகு ஒலிம்பிக்கில் கால்வைக்க முடியாமல் இருந்த தென்னாப்பிரிக்கா அப்போதுதான் திரும்பி வந்திருந்தது. கறுப்பினப் பெண் ஒருவரும் வெள்ளையினப் பெண் ஒருவரும் கைகோத்து மைதானத்தை வலம்வந்தார்கள். தோற்றவரை அணைத்துக்கொள்ளும் மனம் இருந்தால்தான் வெற்றிக்கு அழகு.

பிறகு இறக்கம் வந்தது. 1996இல் உலக கிராஸ் கன்ட்ரி போட்டியில் ஓடும்போதே காலணி கழன்று நான்காவதாக வந்தார். அதே ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் நான்காம் இடமே கிடைத்தது. நான்காம் இடத்துக்குப் பதக்கம் கிடையாது. பதக்கம் பெறுகிறவர் அளவுக்கே உழைத்துவிட்டு, வெறுங்கையோடு ஊர் திரும்ப வேண்டும். நானும் வாழ்க்கையில் அப்படிப் பலமுறை திரும்பியிருக்கிறேன். வெறுங்கையோடு வந்த மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்கிறோம் என்பதில்தான் ஒருவரின் தரம் தெரிகிறது என்பது என் அனுபவம்.

டெரார்டு மீண்டும் பயிற்சிக்குப் போனார். அடுத்த ஆண்டே உலக கிராஸ் கன்ட்ரி பட்டத்தை இரண்டாம் முறையாக வென்றார். இடையில் தாயானார். குழந்தை பிறந்த பிறகு ஒரு பெண்ணால் பழையபடி முடியுமா என்று நம் வீடுகளில் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெண் மக்களே, விடை 2000ஆம் ஆண்டு சிட்னியில் இருக்கிறது. அங்கே 10,000 மீட்டரை 30 நிமிடம் 17 நொடியில் ஓடி, ஒலிம்பிக் சாதனையோடு தங்கத்தை மீட்டெடுத்தார். முதல் தங்கத்துக்கும் இரண்டாம் தங்கத்துக்கும் இடையே எட்டு ஆண்டுகள். விதைத்த மறுநாளே கதிர் கேட்பவர்கள் நிலத்தை அறியாதவர்கள்.

2004இல் ஏதென்ஸில் வெண்கலம் பெற்றார். இனி ஓய்வுதான் என்று பலர் எண்ணிய வயதில், 37ஆம் வயதில், 2009இல் நியூயார்க் மாரத்தானில் ஓடினார். 42 கிலோமீட்டருக்கும் அதிகமான அந்தப் பாதையில், அப்போதைய உலக சாதனையாளரான பவுலா ராட்கிளிஃப் வலியால் பின்தங்கியபோது, வந்துவிடு என்று அவரை ஊக்கப்படுத்தினார் டெரார்டு. போட்டியாளருக்குத் தெம்பூட்டியதால் அவர் எதையும் இழக்கவில்லை. 2 மணி 28 நிமிடம் 52 நொடியில் அவரே முதலாவதாக வந்தார். பின்னாளில் தம் நாட்டுத் தடகளக் கூட்டமைப்பின் தலைவரும் ஆனார்.

20 வயதில் தோற்றவருக்காகக் காத்து நின்றவர், 37 வயதிலும் தளர்ந்தவரைத் திரும்பிப் பார்த்தார். நடுவே எத்தனையோ வலியும் தோல்வியும் வந்தும் அவர் மனம் கசக்கவில்லை. பொறுமை சிலரைக் கல்லாக்கும், சிலரைக் கனியாக்கும். பிள்ளைகளே, நீங்கள் கனிந்த பொறுமையோடு வாழுங்கள். நெடுந்தூரம் ஓடுங்கள், பக்கத்தில் தளர்பவருக்கு ஒரு சொல் சொல்லும் அளவுக்காவது மூச்சை மிச்சம் வைத்து ஓடுங்கள்.