காலைக் குறை சொல்லாதீங்க!

பழைய லாரி கிளம்பும்போது வெட்டி வெட்டிக் குதித்தால், டிரைவரைத் திட்டாதீர்கள். நான் திட்டினேன். ‘கிளட்ச்சை மெதுவா விடத் தெரியாதாண்ணே?’ இருபது வருஷம் ஓட்டியவர், தலைகுனிந்து நின்றார்.

மெக்கானிக் எடுத்ததுமே கியர்பாக்ஸில் கை வைக்கவில்லை. ஃபர்ஸ்ட் கியர் போட்டு, பிரேக்கை மிதித்தபடி கிளட்ச்சை லேசாக விடச் சொன்னார். இன்ஜின் ஒரு பக்கமாகத் துள்ளியது. மவுண்டிங் ரப்பர் அறுந்திருந்தது! இன்ஜின் ஆட, கிளட்ச் ராடும் கூடவே இழுபட்டு வெடுக்கென்று பிடித்திருக்கிறது.

‘ரப்பர் நல்லாருந்தா, பிளேட்ல ஆயில் கசிவு, ஃப்ளைவீல்ல சூட்டுத் தழும்புனு தேடணும். அப்பத்தான் கியர்பாக்ஸை இறக்கணும் சார்!’

ரப்பர் மாற்றியதும் வண்டி பூப்போலக் கிளம்பியது. டிரைவர் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்குத்தான் மூன்று நாளானது.